கைக்கடிகாரம் சொல்லும் உறக்கமும் வீட்டார் சொல்லும் உறக்கமும்

"டாக்டர், உறக்கத்தை அளப்பதற்குக் கடிகாரம் நல்லதா, மோதிரம் நல்லதா? எந்தக் கம்பெனியுடையதை வாங்கலாம்?"

புறநோயாளிகள் பிரிவில் இக்கேள்வி எழாத வாரமே இல்லை எனலாம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இல்லாத தெரு நம் மாவட்டத்தில் அரிது. விடுமுறைக்கு வரும் மகனோ மகளோ தந்தையின் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டுச் செல்கிறார்கள். சில வாரங்களுக்குப் பின் அந்தத் தந்தை எங்கள் முன் அமர்ந்து, கைப்பேசியைத் திறந்து, ஊதாவும் நீலமுமாகப் படிக்கட்டுப்போல் ஏறி இறங்கும் ஒரு வரைபடத்தைக் காட்டுகிறார். "ஆழ்ந்த உறக்கம் 41 நிமிடம்தான் என்கிறது, இது போதுமா?"

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, புன்னகையுடன் அக்கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே எங்கள் வழக்கமாக இருந்தது. அது தவறு என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். நோயாளி தம் உடலைப் பற்றிக் கொண்டுவரும் செய்தி எதுவாயினும் அதைக் கேட்பது மருத்துவரின் கடமை. ஆனால் அச்செய்தியில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்வதும் அதே அளவுக்குக் கடமையாகும். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

இருவரின் கதை

இருவரைப் பற்றி முதலில் கூறுகிறோம். அடையாளம் தெரியாதவாறு விவரங்களைச் சற்று மாற்றியுள்ளோம்.

முதலாமவர் ஐம்பதைக் கடந்த வணிகர். இரவில் எட்டு மணி நேரம் உறங்குவதாகவும், மதிப்பெண் நூற்றுக்கு 85 என்றும், ஆக்சிஜன் 95 சதவீதம் என்றும் அவரது கடிகாரம் நாள்தோறும் காட்டிவந்தது. அவர் மனைவியோ, "இவருக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, பயந்து எழுப்பிவிடுகிறேன்" என்று ஓராண்டுக் காலமாகச் சொல்லிவந்தார். கடிகாரத்தைக் காட்டி மனைவியின் வாயை அடைத்தார் கணவர். மூன்று மருந்துகளுக்கும் அடங்காத இரத்த அழுத்தத்திற்காக வந்தபோதுதான் இச்செய்தி எங்களுக்குத் தெரியவந்தது. உறக்க ஆய்வு செய்தோம். மணிக்கு நாற்பது முறைக்கு மேல் அவர் மூச்சு தடைபட்டுக்கொண்டிருந்தது. மணிக்கு முப்பதைத் தாண்டினாலே கடுமையான உறக்க மூச்சுத் தடை என்று கொள்கிறோம்.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருக்கு உறக்கத்தில் எந்தக் குறையும் இருந்ததில்லை. மகள் வாங்கிக்கொடுத்த கடிகாரம் ஆழ்ந்த உறக்கம் குறைவு என்று காட்டத் தொடங்கியதும் கவலை தொற்றிக்கொண்டது. உறக்கத்தைக் கூட்ட வேண்டும் என்று எண்ணி இரவு எட்டு மணிக்கே படுக்கைக்குச் சென்றார். வராத உறக்கத்திற்காக இருட்டில் விழித்துக் கிடந்தார். நள்ளிரவில் எழுந்து மதிப்பெண்ணைப் பார்த்தார். மூன்று மாதங்களில் மெய்யாகவே உறக்கமின்மைக்கு ஆளாகி எங்களிடம் வந்தார். அமெரிக்க ஆய்வாளர்கள் 2017 ஆம் ஆண்டு இந்நிலைக்கு 'ஆர்த்தோசோம்னியா' என்றே பெயர் சூட்டினார்கள். குறையற்ற உறக்கம் வேண்டும் என்ற வேட்கையால் உறக்கத்தையே இழப்பது என்பது அதன் பொருள்.

ஒரே வகைக் கருவிதான். ஒருவருக்குப் பொய்யான நிம்மதியையும் மற்றவருக்குப் பொய்யான அச்சத்தையும் அது தந்தது. எந்தக் கருவி சிறந்தது என்று கேட்கும் முன், அக்கருவி எதை அளக்கிறது என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அளப்பது எதை?

உறக்கம் மூளையில் நிகழ்வது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து 1929 இல் வெளியிட்ட பிறகே உறக்கத்தின் உட்புறத்தைக் காண வழி பிறந்தது. 1953 இல் சிகாகோவைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் உறக்க நிலையைக் கண்டறிந்து கூறினர். கனவுகள் மிகுதியாகத் தோன்றும் நிலை அது. 1968 இல் உறக்க நிலைகளைப் பிரித்தறியப் பொது விதிமுறைகள் வகுக்கப்பட்டன.

இன்றும் மருத்துவமனையில் செய்யப்படும் முழு உறக்க ஆய்வு அவ்வழியில்தான் நடைபெறுகிறது. தலையில் மூளை அலைக்கும், கண்ணோரத்தில் கண் அசைவுக்கும், தாடையில் தசை இறுக்கத்திற்கும் மின்முனைகள் ஒட்டப்படுகின்றன. மூக்கில் காற்றோட்டம், மார்பிலும் வயிற்றிலும் மூச்சசைவு, விரலில் ஆக்சிஜன், இதயத் துடிப்பு ஆகிய அனைத்தும் ஒருசேரப் பதிவாகின்றன. பதிவை 30 வினாடித் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் பார்த்து நிலையைக் குறிக்கிறார்கள். எட்டு மணி நேரத்திற்கு 960 துண்டுகள். பயிற்சி பெற்ற இருவர் ஒரே பதிவைப் பார்த்தாலும் சுமார் 80 சதவீதத் துண்டுகளில்தான் ஒத்துப்போகிறார்கள். ஆகவே எங்கள் அளவுகோலும் கல்லில் பொறித்தது அன்று.

கடிகாரத்திற்கும் மோதிரத்திற்கும் தலையில் மின்முனை இல்லை. அவற்றிடம் இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, அசைவை உணரும் சிறு கருவி. மற்றொன்று, தோலின்மேல் ஒளியைப் பாய்ச்சி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித் துடிப்பை அறியும் உணரி. அசைவின்றிக் கிடக்கிறார், நாடி தாழ்ந்து சீராக உள்ளது. ஆகவே ஆழ்ந்த உறக்கமாக இருக்கலாம் என்று அவை கணக்கிடுகின்றன. தெருவில் நின்றுகொண்டு, ஒரு வீட்டின் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து, உள்ளே யார் விழித்திருக்கிறார்கள் என்று ஊகிப்பதைப் போன்றது இது. பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் விளக்கணைத்துவிட்டு இருட்டில் விழித்துக் கிடப்பவரைத் தெருவில் நிற்பவர் அறிய மாட்டார்.

உறக்கமின்மையால் வாடுவோருக்கு இக்கருவிகள் நியாயம் செய்யாமல் போவதற்குக் காரணம் இதுவே. அசையாமல் விழித்திருந்த நேரத்தை உறங்கிய நேரமாக அவை எழுதிக்கொள்கின்றன. "ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை" என்று தாய் கூற, "கடிகாரம் ஆறு மணி நேரம் என்கிறதே அம்மா" என்று மகன் மறுக்கும் காட்சியை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். உறங்காமல் கிடந்தவரின் நேரக் கணக்கும் பிசகக்கூடும் என்பது உண்மையே. ஆனாலும் அவர் படும் துன்பத்தைப் பொய்யாக்கக் கடிகாரத்திற்கு அதிகாரம் இல்லை.

ஒப்பிட்டவர்கள் கண்டது

இக்கருவிகளை முழு உறக்க ஆய்வுடன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வுகள் உள்ளன. 2021 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்கக் கடற்படையின் உடல்நல ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள், சந்தையில் விற்கும் ஏழு கருவிகளை 34 இளைஞர்களிடம் சோதித்தனர். மணிக்கட்டில் கட்டுவன, படுக்கைக்கு அடியில் வைப்பன, கட்டிலருகே நிறுத்துவன என்று பலவகையும் அதில் இடம்பெற்றன. உறங்குகிறாரா, விழித்திருக்கிறாரா என்று பிரித்தறிவதில் பெரும்பாலானவை, ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் அசைவுமானிக்கு இணையாகவோ சற்று மேலாகவோ இருந்தன. உறக்க நிலைகளைப் பிரிப்பதில் முடிவுகள் கலவையாகவே அமைந்தன.

2024 இல் பாஸ்டன் நகரின் பிரிகாம் மருத்துவமனை ஆய்வாளர்கள், ஔரா மோதிரம், ஃபிட்பிட் கடிகாரம், ஆப்பிள் கடிகாரம் ஆகிய மூன்றையும் 35 பேரிடம் ஒப்பிட்டனர். உறக்கத்தை உறக்கம் என்று அடையாளம் காண்பதில் மூன்றுமே 95 சதவீதத்திற்குக் குறையவில்லை. நிலைகளைப் பிரிப்பதிலோ திறன் 50 முதல் 86 சதவீதம் வரை ஊசலாடியது. ஆப்பிள் கடிகாரம் ஆழ்ந்த உறக்கத்தைச் சராசரியாக 43 நிமிடமும், ஃபிட்பிட் 15 நிமிடமும் குறைத்துக் காட்டின. மோதிரம் முழு ஆய்விலிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை.

அப்படியானால் மோதிரமே வெற்றி பெற்றது என்று முடிவு கட்டிவிடலாமா? சற்றுப் பொறுக்க வேண்டும். அவ்வாய்வுக்குப் பொருளுதவி செய்தது அம்மோதிரத்தைத் தயாரிக்கும் நிறுவனம். அதனால் ஆய்வு பொய் என்று நாங்கள் கூறவில்லை. அதை மறவாமல் படிக்க வேண்டும் என்கிறோம். மேலும், கலந்துகொண்டவர்கள் உறக்கக் கோளாறு இல்லாத, 20 முதல் 50 வயதுக்குட்பட்டவர்கள். சோதித்ததும் ஓர் இரவுதான். எங்களிடம் வருவோரில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உடையவர்கள். நாடித் துடிப்பைத் தாழ்த்தும் மருந்துகளை உட்கொள்பவர்கள். சிலருக்கு இதயத் துடிப்பே ஒழுங்கற்றது. நாடியைக் கொண்டு உறக்கத்தைக் கணிக்கும் கருவி இவர்களிடம் எவ்வளவு தடுமாறும் என்பதை அந்த 35 பேர் நமக்குச் சொல்ல இயலாது.

ஆசிரியை கண்டு அஞ்சிய குறைவான ஆழ்ந்த உறக்கத்தில், கருவியின் பிழை எவ்வளவு, வயதின் இயல்பு எவ்வளவு என்று யாரால் கூற முடியும்? வயது கூடக் கூட ஆழ்ந்த உறக்கம் குறைவது இயற்கை. அதற்கென மருந்தும் தேவையில்லை, கவலையும் தேவையில்லை.

ஆக்சிஜன் எண்ணும் மூச்சுத் தடை அறிவிப்பும்

வணிகரின் கடிகாரம் காட்டிய 95 சதவீதம் பொய்யன்று. அது சராசரி. இருபது வினாடி மூச்சு நின்று ஆக்சிஜன் 80க்குச் சரிந்து, மீண்டும் மூச்சு வாங்கியதும் 97க்கு ஏறிவிட்டால், இரவு முழுவதற்குமான சராசரியில் அச்சரிவு மறைந்துபோகும். பல கடிகாரங்கள் ஆக்சிஜனை இடைவிடாமல் அளப்பதும் இல்லை; அவ்வப்போது எட்டிப்பார்க்கின்றன. தோலின் நிறமும் ஒரு காரணியாகும். மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் கருவியே கறுத்த தோலுடையோரிடம் ஆக்சிஜனை மிகைப்படுத்திக் காட்டக்கூடும் என்பதை 2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. மாநிறமும் கறுப்புமான நம் மக்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

2024 இல் இத்துறையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. சாம்சங் நிறுவனத்தின் கடிகாரத்திற்குப் பிப்ரவரியிலும், ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரத்திற்குச் செப்டம்பரிலும், உறக்க மூச்சுத் தடைக்கான அறிகுறியைத் தெரிவிக்க அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இசைவளித்தது. இதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் இவ்வறிவிப்பைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. ஆப்பிள் நிறுவனமே வெளியிட்ட சோதனை விவரத்தின்படி, நோய் இல்லாதவருக்கு அறிவிப்பு வருவது மிக அரிது. ஆனால் நடுத்தரமான அல்லது கடுமையான மூச்சுத் தடை உடையோரில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரை அது தவறவிடுகிறது. ஆகவே அறிவிப்பு வந்தால் அவசியம் மருத்துவரைப் பாருங்கள். அறிவிப்பு வரவில்லை என்பதை நலச் சான்றிதழாகக் கொள்ளாதீர்கள்.

இது சிறு விஷயம் அன்று. எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023 இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் வயதுவந்தோரில் சுமார் 11 சதவீதத்தினருக்கு உறக்க மூச்சுத் தடை உள்ளது. அவர்களில் மிகப் பலர் அதை அறியாமலே வாழ்கின்றனர். அடங்காத இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றோடு இந்நோய்க்குத் தொடர்புண்டு. ஓட்டுநர் இருக்கையில் கண்ணயரும் ஒரு நொடிக்குப் பலியாவது அவர் ஒருவர் மட்டுமன்று. 1981 இல் சிட்னி நகரில் காலின் சலிவன் என்ற மருத்துவர், மூக்கின் வழியே இடைவிடாது காற்றழுத்தம் தந்து தொண்டை அடைபடாமல் காக்கும் முறையை வெளியிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நல்ல சிகிச்சை இருக்கும் நோய்க்கு, ஒரு கடிகாரத்தின் நற்சான்றை நம்பிச் சிகிச்சை பெறாமல் இருப்பது வருந்தத்தக்கது.

நம் ஊரின் உறக்கம்

இக்கருவிகள் தரும் மதிப்பெண்ணில் மற்றொரு குறையும் உண்டு. இரவு பதினொன்றுக்குப் படுத்துக் காலை ஏழுக்கு எழும் ஒருவரை மனத்தில் கொண்டே பெரும்பாலும் அம்மதிப்பெண் வகுக்கப்படுகிறது. நம் மாவட்டம் அப்படி உறங்குவதில்லை. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத் தொழிலாளர் நள்ளிரவு கடந்து சிறிது நேரத்திலேயே நெற்றியில் விளக்குக் கட்டிப் புறப்படுகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன், மரத்தில் நீரழுத்தம் நிறைந்திருக்கும் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். தோவாளைப் பூச்சந்தை ஊர் விழிக்கும் முன்பே விழித்துவிடுகிறது. கடலுக்குச் செல்வோர், இரவுப் பேருந்து ஓட்டுவோர், இரவுப் பணி பார்க்கும் எங்கள் செவிலியர் என்று இப்பட்டியல் நீளும்.

மாலையே படுத்து நள்ளிரவில் எழுந்து, மதிய உணவுக்குப் பின் ஒன்றரை மணி நேரம் உறங்கும் தொழிலாளிக்கு, அவர் மகன் கட்டிவிட்ட கடிகாரம் குறைந்த மதிப்பெண் போட்டால், குறை அவரிடம் இல்லை. அவருக்கு நாங்கள் கூறுவது ஒன்றே: இருபத்து நான்கு மணி நேரத்தில் மொத்தம் ஏழு மணி நேரத்திற்குக் குறையாமல் உறங்குகிறீர்களா, அந்த நேரங்கள் நாள்தோறும் ஒரே ஒழுங்கில் அமைகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

எதை வாங்கலாம்?

இனி முதற்கேள்விக்கு வருவோம். அசைவை மட்டும் அறியும் விலை குறைந்த பட்டை, படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஏறக்குறையச் சொல்லிவிடும். அதற்கு மேல் அது சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். நாடியையும் சேர்த்து அளக்கும் கடிகாரம் சற்று மேலானது. ஆனால் இரவில் மின்னேற்றிக்காகக் கழற்றி வைத்தால் பயனில்லை. விரலில் நாடி தெளிவாகக் கிடைப்பதும், உறக்கத்தில் உறுத்தாததும் மோதிரத்தின் நன்மைகள். விரல் வீக்கம் உடையோருக்கும், கையால் கடினமான வேலை செய்வோருக்கும் அது ஒத்துவராது. சில மோதிரங்களுக்கு மாதச் சந்தாவும் உண்டு. குறட்டையைப் பதிவு செய்யும் கைப்பேசிச் செயலி உறக்க நிலைகளைப் பற்றிச் சொல்வது வெறும் ஊகமே. ஆயினும் அதில் பதிவாகும் ஒலி எங்களுக்குப் பயன்படும்.

எங்கள் கருத்து இதுதான்: உங்களிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருந்தால் அதுவே போதும். உறக்க நிலைகளைத் துல்லியமாகப் பிரித்துக் காட்டும் என்ற விளம்பரத்திற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அப்பணத்தை, மருத்துவர் தேவை என்று சொன்னால், ஓர் உறக்க ஆய்வுக்காக வைத்திருங்கள்.

ஆய்வு செலவு மிக்கது, ஓர் இரவு மருத்துவமனையில் தங்க வேண்டும், கடிகாரமோ கையில் இருக்கிறது என்று சிலர் வாதிடுகின்றனர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மூச்சுத் தடை இருக்கலாம் என்று வலுவாக ஐயுறும் பலருக்கு, மூக்கில் ஒரு குழாய், மார்பில் ஒரு பட்டை, விரலில் ஓர் உணரி ஆகியவற்றுடன் வீட்டிலேயே செய்யும் எளிய ஆய்வு போதுமானது. அதற்கும் முன்னதாகச் செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. உரக்கக் குறட்டை விடுகிறீர்களா, பகலில் சோர்வு உண்டா, மூச்சு நிற்பதை யாரேனும் கண்டார்களா, இரத்த அழுத்தம் உண்டா. இவற்றுடன் எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா என எட்டு கேள்விகள். பல நேரங்களில் மூன்று மாத வரைபடத்தைவிட இந்த எட்டு விடைகள் எங்களுக்கு மிகுதியாகச் சொல்கின்றன.

அவற்றுள் மூன்றாம் கேள்விக்கான விடை உங்களிடம் இல்லை. உங்கள் வீட்டாரிடம் இருக்கிறது. ஆகவே குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள்கள் இவை:

1. உறங்குபவரின் மூச்சு நின்று, பின் திணறி வருவதைக் கண்டால், அவர் அனுமதியுடன் இரண்டு நிமிடம் கைப்பேசியில் காணொளி எடுத்து வாருங்கள்.

2. ஓர் இரவின் மதிப்பெண்ணைக் கொண்டுவர வேண்டாம். இரண்டு வாரங்களில் படுத்த நேரம், எழுந்த நேரம், பகல் உறக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கருவியின் பதிவையும் உடன் காட்டுங்கள்.

3. மதிப்பெண்ணைப் பார்த்து உறக்க மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ செய்யாதீர்கள். நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அன்று. எண்ணங்களையும் பழக்கங்களையும் முறைப்படுத்தும் பயிற்சியே.

4. கருவி கவலையைத் தருமானால் இரண்டு வாரம் கழற்றி வைத்துவிடுங்கள். நம் ஆசிரியைக்கு நாங்கள் எழுதிய முதல் மருந்து அதுதான். உறக்கம் வரும்போது மட்டும் படுக்கைக்குச் செல்லவும், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழவும் பழகிய பிறகு, படிப்படியாக அவர் உறக்கம் திரும்பியது.

5. வண்டி ஓட்டும்போது கண் செருகுகிறது என்றால், கருவி என்ன சொன்னாலும், வண்டியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இறுதியாக ஒன்று. நம் மாவட்டத்தில் பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியே உறங்கும் முதியோர் பலர். அவர்களின் குறட்டையைக் கேட்கவும், மூச்சு நிற்பதைக் காணவும் அருகில் எவரும் இல்லை. அத்தகையோருக்கு இக்கருவி ஓரளவு துணைதான். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் மதிப்பெண் வந்துவிட்டது என்பதற்காக, "நல்லா உறங்கினீங்களா அப்பா?" என்று கேட்பதைப் பிள்ளைகள் நிறுத்திவிட வேண்டாம். அக்கேள்விக்குத் தந்தை விடை சொல்லத் தயங்கும் குரலிலிருந்து நோயை அறிந்து, எங்களிடம் அழைத்து வந்த மகள்களும் மகன்களும் உண்டு. அந்த வணிகர் இப்போது இரவில் காற்றழுத்தக் கருவி அணிந்து உறங்குகிறார். அவர் கடிகாரம் இன்றும் ஏறக்குறைய அதே 85 மதிப்பெண்ணைத்தான் காட்டுகிறது. மாற்றத்தை எங்களுக்குச் சொன்னவர் அவர் மனைவி: "இப்பதான் டாக்டர், நானும் உறங்குகிறேன்."